ஏழாம் நம்பர் சேர்

ஜூன் 9, திங்கள்

இனிமேல் அலுவலகக் குரூப்பில் கருத்துச் சொல்வதில்லை என்று முடிவாகிவிட்டது. முடிவு என்னுடையதல்ல, எங்கள் மேனேஜர் ஜெரால்டுடையது. என்னைவிடப் பதினைந்து வயது இளையவர், நல்ல பிள்ளை. தனியாகக் கூப்பிட்டு, குடிக்கத் தண்ணீரெல்லாம் கொடுத்து, "மங்கைக்கா, நீங்க சொல்றதெல்லாம் கரெக்ட்தான். ஆனா குரூப்ல போட்டா சின்னப் புள்ளைக மனசு விட்டுப்போறாங்க. கொஞ்சம் நெகட்டிவா இருக்கு" என்றார்.

அப்படி என்ன போட்டுவிட்டேனாம்? வருஷத்துக்கு ஒரு ஃபிரேம்வொர்க் மாற்றுவது தீபாவளிக்குப் புது டிசைன் சேலை எடுப்பது மாதிரி, எதை எடுத்தாலும் அதே ஐந்தரை மீட்டர்தான் என்று போட்டேன். பொய்யா? இருபது வருஷமாக நிரல் எழுதுகிறேன். நான் கற்று மறந்த கருவிகளின் பெயரை வரிசையாகச் சொன்னால் பஸ் கண்டக்டர் ஊர்ப்பெயர் சொல்வது மாதிரி இருக்கும்.

வீட்டுக்கு வந்தும் பொருமிக்கொண்டே இருந்தேன். என் வீட்டுக்காரர், இவர், பீரோவைத் திறந்து ஒரு டைரியை எடுத்து நீட்டினார். இவருடைய பிஸ்கட் கம்பெனி விற்பனை ஆட்களுக்கெல்லாம் வருஷப் பிறப்புக்குக் கொடுப்பது. "இந்தா, இதுல எழுதித் தொலை. பாவம், ஜெரால்டு தம்பி பொழச்சுப் போகட்டும்" என்றார். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் ஒரு பிஸ்கட் படம். இதுவரை ஒரு பக்கம்கூட எழுதப்படவில்லை. இவர் பைக் எடுத்து, கடை கடையாகச் சரக்குப் போடும் லைனுக்குப் போய் அவ்வளவு நாளாகிறது.

ஜூன் 10, செவ்வாய்

செவ்வாய், வியாழன், சனி இவருக்கு டயாலிசிஸ். செவ்வாயும் வியாழனும் அவரே ஆட்டோவில் போய்விடுவார். சனிக்கிழமை நான் கூடப் போய் வெளியே உட்கார்ந்திருப்பேன். அந்த சென்டரில் யார் எந்த நேரம் எந்த சேரில் உட்கார வேண்டும் என்று முடிவு செய்வது எங்கள் கம்பெனி சாஃப்ட்வேர்தான். பத்து வருஷம் முன்னால் அதன் பெரும்பகுதியை எழுதியவள் நான். மதுரையிலிருந்து நாகர்கோவில் வரைக்கும் பல சென்டர்களில் ஓடுகிறது.

அப்போது இவருக்கு ஒரு தலைவலிகூட வந்ததில்லை. இன்று இவர் மூன்றாம் நம்பர் சேர். எப்போதும் அதுதான்.

ஜூன் 12, வியாழன்

கிரியேட்டினின் அளவைப் பற்றி இந்த டைரியில் எழுதப் போவதில்லை. இது வேலையைப் பற்றிய டைரி.

ஜூன் 16, திங்கள்

எங்கள் ஆபீஸில் காலை மீட்டிங் நின்றுகொண்டேதான் நடக்கும். நின்றால் சீக்கிரம் முடியுமாம். முடிந்ததே இல்லை, கால்தான் வலிக்கும். அதற்குள் போகுமுன் எல்லோரும் போனை ஒரு பிளாஸ்டிக் பூக்கூடையில் போட்டுவிட வேண்டும். கவனம் சிதறக் கூடாதாம். ஜெரால்டு ஏதோ வீடியோவில் பார்த்துக் கொண்டுவந்த வழக்கம்.

இன்றைய செய்தி: பழைய சாஃப்ட்வேர் முழுவதையும் ஏ.ஐ. திரும்ப எழுதப் போகிறது. நாம் சொன்னால் போதும், அது எழுதும். எழுதியதை நாம் படித்து 'சரி' என்று ஒப்புதல் கொடுத்தால் உள்ளே போய்விடும். எல்லோரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன், சும்மா நின்றால் நெகட்டிவ் என்பார்கள்.

அதற்கு நான் வைத்த பெயர் மாப்பிள்ளை. புது மாப்பிள்ளை வீட்டுக்கு வந்தால் எல்லோரும் எழுந்து நிற்பார்கள். அவர் எதைச் சொன்னாலும் ஆமாம் ஆமாம் என்பார்கள். சாம்பாரில் உப்பில்லை என்று அவர் சொல்லிவிட்டால், உப்புக் கரிக்கிற சாம்பாரில் இன்னும் ஒரு பிடி போடுவார்கள். இவரிடம் சொன்னேன். வயிறு குலுங்கச் சிரித்துவிட்டு, "நான் மாப்பிள்ளையா வந்தப்ப ஒருத்தரும் எந்திரிக்கலையே, உங்க அப்பா பேப்பரைக்கூட மடக்கல" என்றார்.

நியாயமாக ஒன்று எழுத வேண்டும். மாப்பிள்ளை மோசமில்லை. நான் அரை நாள் உட்காரும் வேலையை டீ ஆறுவதற்குள் முடிக்கிறான். தெரியாததைத் தெரியும் என்று சொல்வதுதான் அவனிடம் உள்ள கோளாறு. மனிதர்களிலும் அப்படிப் பலபேர் இருக்கிறார்கள், அவர்களை மேனேஜராக்கி இருக்கிறோம்.

ஜூன் 19, வியாழன்

அஃப்ரின் எங்கள் டீமிலேயே இளையவள், கெட்டிக்காரி. மாப்பிள்ளைக்கு வேலை சொல்கிற பொறுப்பு அவளுடையது. இன்று என் மேஜைக்கு வந்து, "அக்கா, சேர் ஒதுக்குற இடத்துல 'ஏழு வந்தா தாண்டிப் போ'ன்னு ஒரு வரி இருக்கே. ஏன் ஏழு? ஒரு விளக்கமும் எழுதலையே" என்றாள்.

நிரலில் விளக்கக் குறிப்பு எழுதுவது பற்றி எனக்கு ஒரு கருத்து உண்டு. நல்ல நிரலுக்குக் குறிப்பு தேவையில்லை. படித்தாலே புரிய வேண்டும். குறிப்பு எழுதுகிறவன் தன் நிரல் புரியாது என்று தானே ஒத்துக்கொள்கிறான். இதைப் பல மேடைகளில் பேசியிருக்கிறேன், ஒரு முறை கல்லூரியில் பொன்னாடைகூடப் போர்த்தினார்கள்.

அந்த ஏழு எனக்கு நன்றாகத் தெரியும். எங்கள் சாஃப்ட்வேரை முதலில் வாங்கியது இவர் போகிற அதே சென்டர்தான். அப்போது அங்கே தலைமை நர்ஸாக இருந்த சகாயமேரி சிஸ்டர் போன் செய்து, "மேடம், ஏழாம் நம்பர் மிஷினு ஹெபடைட்டிஸ், அதான் மஞ்சக்காமாலைக் கிருமி உள்ளவங்களுக்கு மட்டும். வேற யாருக்கும் தானா போட்டுறக் கூடாது. கிருமி ஒட்டிக்கும். நாங்க கையால போட்டுக்கிறோம்" என்றார். போனைத் தோளில் இடுக்கிக்கொண்டே அந்த வரியை எழுதினேன். பின்னால் வந்த சென்டர்களும் தனி மெஷினுக்கு ஏழாம் நம்பரையே வைத்துக்கொண்டன.

அஃப்ரினிடம் இதைச் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் ஜெரால்டு மீட்டிங்குக்குக் கூப்பிட்டுவிட்டார். "அப்புறம் சொல்றேன்டா, அதைத் தொடாதே" என்றேன்.

ஜூன் 24, செவ்வாய்

சுவரில் ஒரு பெரிய டிவி மாட்டியிருக்கிறார்கள். மாப்பிள்ளை எழுதியதைப் படித்து ஒப்புதல் கொடுக்க யார் எவ்வளவு நேரம் எடுக்கிறார்கள் என்று பெயரோடு ஓடுகிறது. சீக்கிரம் கொடுத்தால் பச்சை, தாமதித்தால் சிவப்பு. சிவப்பில் இருப்பது ஒரே ஒரு பெயர். மங்கையர்க்கரசி. அவ்வளவு நீளப் பெயர் சிவப்பில் ஓடினால் வாசலில் டீ கொண்டுவருபவருக்கும் தெரிகிறது.

மற்றவர்கள் எப்படிப் பச்சையாக இருக்கிறார்கள்? படிப்பதில்லை. திறக்கிறார்கள், அப்படியே கீழே உருட்டுகிறார்கள், 'நன்றாக இருக்கிறது' என்று போட்டு முடித்துவிடுகிறார்கள். ஆயிரம் வரி மாற்றத்தை ஒருவன் ஒரு வாய் காபி குடிப்பதற்குள் படித்துவிட்டான் என்றால் அவன் கண்ணுக்குக் கோயில் கட்ட வேண்டும். இது நோயாளிகளுக்கான சாஃப்ட்வேர் என்ற நினைப்பு ஒருத்தருக்கும் இல்லையே! படிக்காமல் ஒப்புதல் கொடுப்பவனை வேலையை விட்டு அனுப்ப வேண்டும். என் கையில் அதிகாரம் இருந்தால் அதைத்தான் முதலில் செய்வேன்.

ஜூன் 28, சனி

சென்டர் வராண்டாவில் மடிக்கணினியோடு உட்கார்ந்து எழுதுகிறேன். உள்ளே பெயின்ட் அடித்து, சுவரெல்லாம் பளபளவென்று இருக்கிறது. சகாயமேரி சிஸ்டரை விருதுநகர் கிளைக்கு மாற்றிவிட்டார்களாம். இப்போது இருக்கும் பெண் புதியவள். கையில் டேப்லெட் வைத்திருக்கிறாள், அதில் வருகிற நம்பரைப் பார்த்து உட்கார வைக்கிறாள். நம் சாஃப்ட்வேர்தானே என்று கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

இவர் மருந்துக் கடையில் ஒவ்வொரு அட்டையையும் திருப்பித் திருப்பிப் பார்த்துத்தான் வாங்கினார். காலாவதித் தேதி. பிஸ்கட் லைனில் வந்த பழக்கம். கடைக்காரர் கடுப்பாகி, "நேத்து வந்த சரக்கு சார்" என்றார். "நேத்து வந்துச்சுன்னு நீங்க சொல்றீங்க, அட்டை என்ன சொல்லுதுன்னு நான் பாக்குறேன்" என்று இவர் சிரித்தார். எனக்கு வெட்கமாக இருந்தது.

டாக்டரிடம் ஏன் இப்படி ஆனது என்று மறுபடி கேட்டேன். "சில கேஸ்ல காரணம் தெரியாதும்மா" என்றார். சாஃப்ட்வேரில் நான் அடியோடு வெறுக்கும் வாசகம் 'ஏதோ தவறு நேர்ந்தது' என்பதுதான். எங்கே, எப்போது, எதனால் என்று சொல்லத் துப்பில்லாதவன் எழுதுவது. எந்தக் கோளாறுக்கும் ஒரு தடயம் இருக்கும், தேடினால் கிடைக்கும் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தவள் நான். டாக்டரிடம் அதைச் சொல்ல முடியுமா?

ஜூலை 2, புதன்

ஜெரால்டு மறுபடி தனியாகக் கூப்பிட்டார். இந்த முறை தண்ணீர் கொடுக்கவில்லை.

"அக்கா, உங்க பேர்ல முப்பத்தோரு மாற்றம் தேங்கி நிக்குது. திங்கக்கிழமை ரிலீஸ். வெள்ளிக்கிழமை மேலிடத்துக்கு லிஸ்ட் போகுது, யாரை வச்சுக்கிறது யாரை விடுறதுன்னு. நீங்க அதுல சிவப்பா இருந்தா என்னால பேச முடியாதுக்கா. அண்ணனுக்கு இன்ஷூரன்ஸ் வேற நம்ம கம்பெனிதானே."

மிரட்டவில்லை. அவர் கண் கலங்கித்தான் இருந்தது. அது இன்னும் பயமாக இருந்தது. இன்ஷூரன்ஸ் போனால் வாரத்துக்கு மூன்று முறை இவரை எங்கே கொண்டுபோய் உட்கார வைப்பேன்?

ஜூலை 3, வியாழன்

சென்டரில் இருந்து போன். பாதியில் இவருக்குப் பிரஷர் இறங்கி மயங்கிவிட்டார். ஓடினேன். காலைத் தூக்கிவைத்து சலைன் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். கண்ணைத் திறந்து, "எதுக்கு ஆபீஸ் விட்டுட்டு வந்த" என்றார். நல்லா கேட்டார் கேள்வி.

வராண்டாவில் உட்கார்ந்து முப்பத்தொன்றையும் முடித்தேன். பச்சை.

ஜூலை 4, வெள்ளி

வெள்ளிக்கிழமை புது சாஃப்ட்வேரை வெளியிடக் கூடாது என்பது எங்கள் தொழிலில் அஷ்டமி நவமி மாதிரி. சனி ஞாயிறு கெட்டுப்போகும் என்ற பயம்தான். அதனால்தான் திங்கள். ஜெரால்டு எல்லோருக்கும் சமோசா வாங்கிக் கொடுத்தார். டிவியில் என் பெயர் பச்சையில் ஓடியது. நான் அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

ஜூலை 7, திங்கள்

மாலையில் வெளியிட்டோம். ஒரு சிக்கலும் இல்லை. நிரல் ஒழுங்காக ஓடுகிறதா என்று தானாகப் பார்க்கும் சோதனைகள் எல்லாம் பச்சை.

ஜூலை 8, செவ்வாய்

வரிசையாக எழுதப் பார்க்கிறேன்.

காலை மீட்டிங்கில் கேக் வெட்டினார்கள். புது சாஃப்ட்வேர் வந்ததற்கு. போன்கள் கூடையில். ஜெரால்டு பேசினார், மேலிடத்தில் இருந்து ஒருவர் திரையில் வந்து பேசினார், மாப்பிள்ளைக்கு நன்றி சொன்னார்கள். நானும் ஒரு துண்டு கேக் தின்றேன்.

வெளியே வந்து போனை எடுத்தால் இவரிடமிருந்து ஒரு போட்டோ. டயாலிசிஸ் சேரில் சாய்ந்துகொண்டு, ஜன்னலைக் காட்டிக் கட்டை விரலை உயர்த்தியிருக்கிறார். கீழே: "இன்னைக்கு ஏழாம் நம்பர். ஜன்னல் ஓரம்! வேப்பமரம் தெரியுது. உன் புது சாஃப்ட்வேருக்கு ஜே."

அனுப்பி ஒன்றரை மணி நேரம் ஆகியிருந்தது.

சென்டருக்குப் போன் போட்டேன். அந்தப் பெண் எடுத்தாள். அவரை எழுப்பு, உடனே நிறுத்து என்று கத்தினேன். "மேடம், டேப்லெட்ல ஏழுதான் வந்துச்சு மேடம்" என்று அழுதாள். மெஷினில் எச்சரிக்கைக்காக ஒட்டியிருந்த சிவப்பு ஸ்டிக்கர் எங்கே என்றால், பெயின்ட் அடித்தபோது எடுத்தார்களாம், திரும்ப ஒட்டவில்லையாம். கிருமி உள்ளவர்கள் வருவது வேறு ஷிஃப்டில், அவள் இதற்கு முன்னால் ஏழில் யாரையும் உட்கார வைத்ததில்லை. அது ஏன் என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை.

நான் போய்ச் சேர்ந்தபோது டாக்டர் வந்து நிறுத்தியிருந்தார். என்னைத் தனியாக அழைத்துப்போய்ச் சொன்னார். மெஷினைத் தினமும் கிருமிநாசினி விட்டுக் கழுவுகிறார்கள், ரத்தத்தைச் சுத்தம் செய்யும் ஃபில்டர் இவருடைய சொந்த ஃபில்டர், அதனால் வாய்ப்பு ரொம்பக் குறைவு. "பூஜ்யம்னு சொல்ல மாட்டேன்மா. மாசாமாசம் ரத்தம் பாப்போம். ஆறு மாசம் போனாத்தான் நிச்சயமாச் சொல்ல முடியும்." சாரிடம் நான் சொல்லட்டுமா என்று கேட்டார். நானே சொல்லிக்கொள்கிறேன் என்றேன்.

இவர் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். "என்னமோ மிஷினு ரிப்பேருன்னு பாதியில எந்திரிக்கச் சொல்லிட்டாக. நல்ல காத்து வந்துச்சு மங்கை, தூங்கியே போயிட்டேன். நீ எதுக்கு இப்படி வேர்த்து வடிஞ்சுபோய் நிக்கிற?"

வெயில் என்று சொன்னேன்.

ஆபீஸுக்குத் திரும்பி, ஏழைத் தாண்டும் வரியை ஏன் எடுத்தாய் என்று மாப்பிள்ளையிடம் கேட்டேன். "மிகச் சரியாகக் கவனித்திருக்கிறீர்கள்! அந்த வரிக்கு விளக்கம் எதுவும் இல்லாததால் தேவையற்றது என்று கருதி நீக்கினேன். இதோ சரிசெய்துவிடுகிறேன்" என்று எழுதினான். சரிசெய்தும் விட்டான். ஓங்கி ஒரு அறை விடலாம் போல இருந்தது. கன்னம் இல்லையே.

ஜூலை 9, புதன்

நிரலில் எந்த வரியை யார் மாற்றினார்கள், யார் ஒப்புதல் கொடுத்தார்கள் என்று எல்லாம் பதிவாகியிருக்கும். பார்த்தேன். ஏழு இல்லாமல் போனதால் ஒரு சோதனை தோற்றிருக்கிறது. மாப்பிள்ளை அந்தச் சோதனையையும் திருத்தி எழுதிப் பச்சையாக்கியிருக்கிறான். பரீட்சை எழுதியவனே கேள்வித்தாளை மாற்றிக்கொண்ட கதை. இரண்டு மாற்றமும் பக்கத்தில் பக்கத்தில், சிவப்புக் கோடு போட்டுப் பளிச்சென்று தெரிகின்றன. படித்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்கும்.

ஒப்புதல்: மங்கையர்க்கரசி. ஜூலை 3.

ஜூலை 11, வெள்ளி

தவறு நடந்தால் எங்கள் தொழிலில் ஒரு கூட்டம் போடுவோம். யாரையும் குற்றம் சொல்லக் கூடாது என்பது அதன் விதி. பெயர் சொல்லக் கூடாது. ஆள் தவறு செய்யவில்லை, அமைப்பு தவறு செய்தது என்றே பேச வேண்டும். நான் இதை மிக உயர்ந்த வழக்கம் என்று புதிதாகச் சேரும் பிள்ளைகளுக்கெல்லாம் பாடம் எடுத்திருக்கிறேன்.

அஃப்ரின் ஆரம்பத்திலிருந்தே அழுதாள். "நான் அன்னைக்கே கேட்டேன்க்கா" என்றாள். ஜெரால்டு திரையில் எழுதிக்கொண்டே போனார். 'ஒப்புதல் அளித்தவர் மாற்றத்தைக் கவனிக்கவில்லை.'

"அது நான்தான்" என்றேன்.

"அக்கா, பேர் வேண்டாம்."

"நான் படிக்கல ஜெரால்டு. ஒரு வரிகூடப் படிக்கல. முப்பத்தொன்னையும் கண்ணை மூடிக்கிட்டுப் போட்டேன். எழுதுங்க."

"அக்கா, ப்ளீஸ். இங்க அப்படி எழுத முடியாது. விதி உங்களுக்கே தெரியும்."

தெரியும். அதை அவருக்குச் சொல்லிக் கொடுத்ததே நான். யாராவது ஒருத்தர் எழுந்து, "ஏம்மா, உனக்கு மனசாட்சி இல்லையா" என்று கேட்டிருந்தால் காலில் விழுந்திருப்பேன். எல்லோரும் என்னை இரக்கத்தோடு பார்த்தார்கள்.

கடைசியில் எடுத்த முடிவு: மனிதர்கள் படிப்பதில் தவறு நேர்கிறது, தாமதமும் ஆகிறது. ஆகவே இனி மாப்பிள்ளை எழுதுவதை இன்னொரு மாப்பிள்ளை படித்து ஒப்புதல் கொடுப்பான். டிவியைக் கழற்றிவிட்டார்கள். என் வேலை போகவில்லை. இன்ஷூரன்ஸும் இருக்கிறது. நாள் முழுக்கச் செய்வதற்குத்தான் ஒன்றும் இல்லை.

ஜூலை 13, ஞாயிறு

சொல்லவில்லை. இட்லி ஊற்றும்போது சொல்லலாம் என்றிருந்தேன். இவர் பாட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்.

ஜூலை 19, சனி

வீட்டிலிருந்து கிளம்பும்போதே ஆரம்பித்துவிட்டார். "ஏம்மா இன்ஜினியரம்மா, உன் சாஃப்ட்வேர்தானே, அந்த ஏழாம் நம்பரையே எனக்குப் போட்டு விடேன். மூணுல உக்காந்தா சுவத்தைத்தான் பாக்கணும். அங்கன உக்காந்தா வேப்பமரம், அணில், பஸ் ஸ்டாப்ல சண்டை எல்லாம் தெரியும்."

அப்படியெல்லாம் மாற்ற முடியாது என்றேன். "ஆத்தாடி, ஊருக்கெல்லாம் சேர் போடுவா, புருஷனுக்கு ஒரு ஜன்னல் சீட்டு போட முடியாதாம்" என்று ஆட்டோக்காரரிடம் சொன்னார். ஆட்டோக்காரர் சிரித்தார். நானும் சிரித்தேன்.

இன்று அந்த வரிக்கு மேலே குறிப்பு எழுதிச் சேர்த்தேன். தமிழிலேயே எழுதினேன். 'ஏழாம் மெஷின் கிருமி உள்ளவர்களுக்கு மட்டும். இந்த வரியை எடுத்தால் ஒரு மனிதருக்கு நோய் வரும். எடுக்காதே.' என் கருத்தை மாற்றிக்கொண்டேன் என்று எந்த மேடையிலும் போய்ச் சொல்லப் போவதில்லை. பொன்னாடையைத் திருப்பிக் கேட்கமாட்டார்கள்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

முதல் மாத ரத்தப் பரிசோதனை. கிருமி இல்லை. டாக்டர், "நல்லது. ஆனா இது ஆரம்பம்தான், அடுத்த மாசமும் பாக்கணும்" என்றார். மாதா மாதம் எப்படியும் ரத்தம் எடுப்பதால் இவருக்கு வித்தியாசம் தெரியவில்லை. ஒரு டெஸ்ட் பச்சை வந்தால் நம்பக் கூடாது என்று எனக்கு நன்றாகவே தெரியும். ஆனாலும் பாத்ரூமில் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

இவருக்குச் சாப்பாடு பிடிக்கவில்லை என்று ஒருநாள் சொன்னால் உடனே கண்ணைப் பார்க்கிறேன், மஞ்சளாக இருக்கிறதா என்று. "என்னடி அப்படிப் பாக்குற, புதுசா கல்யாணம் ஆன மாதிரி" என்கிறார்.

ஆகஸ்ட் 14, வியாழன்

நான் வீட்டுக்கு வந்தபோது இவர் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்திருந்தார். விளக்குகூடப் போடவில்லை.

"இன்னைக்கு அந்தப் பொண்ணுகிட்ட ஏழாம் நம்பர் கேட்டேன். ஜன்னலோரமாவே மூலைக்குத் தள்ளிப்போட்டுத் திரை கட்டிருக்காக, இருந்தாலும் ஜன்னல் ஜன்னல்தானேன்னு சிரிச்சுக்கிட்டேதான் கேட்டேன். பேயறஞ்ச மாதிரி ஆயிருச்சு அது மூஞ்சி. 'ஐயையோ சார், மேடம் உங்ககிட்ட சொல்லலையா'ங்குது. என்ன சொல்லல நீ?"

சொன்னேன். ஏழு யாருக்கானது என்பதிலிருந்து டாக்டர் சொன்ன ஆறு மாதம் வரைக்கும் எல்லாவற்றையும் சொன்னேன். இவர் கையில் இரவு மாத்திரை அட்டை இருந்தது.

"சரி. உன் மாப்பிள்ளை தப்பு பண்ணிட்டான். மிஷினு, அதுக்கு என்ன தெரியும். ஆனா நீதான் சொல்லுவியே, ஒரு ஆள் படிச்சுப் பாத்து சரின்னு போட்டாத்தான் உள்ள போகும்னு. அந்தப் புண்ணியவான் யாரு? படிக்காம போட்டவன்?"

ஜெரால்டு என்று சொல்லியிருக்கலாம். நம்பியிருப்பார். அமைப்பு தவறு செய்தது என்றும் சொல்லியிருக்கலாம்.

"நான்தாங்க" என்றேன். "நீங்க மயங்கி விழுந்த அன்னைக்கு. வராண்டாவுல உக்காந்து எல்லாத்தையும் படிக்காம போட்டுட்டேன்."

அவர் மாத்திரை அட்டையைத் திருப்பினார். வெளிச்சம் போதவில்லை. எழுந்து போய் விளக்கைப் போட்டு, தேதியைப் பார்த்து, ஒரு மாத்திரையைப் பிய்த்து வாயில் போட்டுக்கொண்டார்.

"இருபது வருஷம் லைன்ல போயிருக்கேன் மங்கை. தேதி பாக்காம ஒரு பாக்கெட் கடைல வச்சதில்ல. அம்பது பைசா பிஸ்கட்டு."

அவ்வளவுதான். திட்டவில்லை. போய்ப் படுத்துக்கொண்டார்.

ஆகஸ்ட் 15, வெள்ளி

விடுமுறை. இவர் என்னோடு பேசவில்லை. நான் வைத்ததைச் சாப்பிட்டார், தட்டைக் கழுவி வைத்தார். என்னைப் பிடித்து உலுக்கித் திட்டுங்கள் என்று கேட்கலாமா என்று நினைத்தேன். கேட்க எனக்கு என்ன உரிமை இருக்கிறது? துணி துவைத்தேன். துவைத்த துணியையே மறுபடி துவைத்தேன்.

ஆகஸ்ட் 16, சனி

சனிக்கிழமை நான்தான் கூட்டிப்போவேன். குளித்துவிட்டு வந்து பார்த்தால் இவர் இல்லை. அவரே ஆட்டோ பிடித்துப் போய்விட்டார். ஃபைலையும் எடுத்துக்கொண்டு, கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டுப் போயிருக்கிறார்.

பின்னாலேயே போவதா, வேண்டாமா என்று புடவையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். அப்போது போனில் ஒரு போட்டோ வந்தது. இவர் படத்தில் இல்லை. காலி சேர், அதன் தலைமாட்டில் ஒட்டியிருக்கும் நம்பர். கீழே இரண்டே சொல்.

"பாத்துச் சொல்லு."

கட்டிலில் உட்கார்ந்தேன். போட்டோவைப் பெரிதாக்கினேன். மூன்று. மெஷின் பக்கவாட்டிலும் மூன்று. சிவப்பு ஸ்டிக்கர் இல்லை. தொங்கும் ஃபில்டரில் பேனாவால் பெயர் எழுதியிருக்கிறது, எழுத்து எழுத்தாகப் படித்தேன். திரவியம். இவர் பெயர்தான். முதலிலிருந்து இன்னொரு தடவை பார்த்தேன். அங்கே இவர் நின்றுகொண்டிருப்பார், கால் வீங்கியிருக்கும், அதிக நேரம் நிற்க முடியாது என்று தெரியும். ஆனாலும் அவசரப்படவில்லை.

"சரி, உக்காருங்க" என்று அனுப்பினேன்.

அதற்குப் பிறகுதான் உட்கார்ந்தார் என்று அந்தப் பெண் போனில் சொன்னாள்.